எல்லோரும் போட்ட ஐம்பத்தொன்பது

வெள்ளிக்கிழமை காலை நான் ஸுல்மாவின் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தபோது அவள் கணினித் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்குளில் வெந்நீர் பிளாஸ்க்கும் கையில் மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையுமாக நான் போனால், வணக்கம் சொல்வதற்கு முன்பே அவள் கை குடுவைக்கு நீளும். அன்று நீளவில்லை.

"என்ன, திட்டி எழுதியிருக்காங்களா?" என்றேன்.

"திட்டினாத்தான் பரவாயில்லயே. பாராட்டுறானுங்கடா."

வீட்டிலிருந்தே வானொலியில் ஊருலகத்தோடு பேசுகிறவர்களின் சங்கம், எங்கள் சால்ட்டோ ஹாம் ரேடியோ கழகம். அதன் வாராந்திர மின்னஞ்சல் இதழை எழுதி அனுப்புவது ஸுல்மா. வியாழக்கிழமைதோறும் ஆற்றின் இந்தக் கரையிலும் அர்ஜென்டினாக் கரையிலும் இருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் போய்விடும். யார் எந்த நாட்டோடு பேசினான், எவன் வீட்டு ஆன்டெனாவைக் காற்று சாய்த்தது, அடுத்த கறி விருந்து யார் வீட்டில், இதெல்லாம் அதில் இருக்கும். கடைசியில் ஒரு விற்பனைப் பகுதியும் உண்டு. தந்தி தட்டும் கருவியான என் பழைய பித்தளைத் தந்திச் சாவி மூன்று வருடமாக அங்கே வாங்குவார் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இதுவரை அந்த இதழுக்கு ஓர் அலங்காரம் இருந்தது. எங்கள் தலைவர் டார்டோ செய்த அலங்காரம் அது. டார்டோ வக்கீல். பழைய தோல் ஏட்டைப் போலப் பின்னணி, உச்சியில் கழகத்தின் சின்னம், அதன் கீழே எறும்பு சைஸ் எழுத்தில் நெடுக்குவாட்டில் மூன்று பத்தி. எல்லாம் சேர்ந்து ஒரே படமாக வரும். அதைப் படிப்பதற்கு எனக்கு ஒரு கண்ணாடி போதாது. நேற்று ஸுல்மா அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டாள். சின்னம் இல்லை, தோல் இல்லை. வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் ஒரே பத்தியாக, ஒன்றன் கீழ் ஒன்றாகச் செய்தி. அதற்குத்தான் காலையிலிருந்து பதில்கள் கொட்டிக்கொண்டிருந்தன.

"படிக்கட்டுமா? 'ஐம்பத்தொன்பது, ஸுல்மா! அற்புதம்!' இது மெக்கானிக். 'ஐம்பத்தொன்பது பிளஸ்!' இது பல் டாக்டர். இதைக் கேளு, அக்கரை கொங்கோர்தியாவுலேர்ந்து எல்பியோ. 'ஐம்பத்தொன்பது! இவ்வளவு அழகான இதழை நான் பார்த்ததே இல்லை. தயவுசெய்து இன்னொரு தடவை அனுப்பவும், இங்கே ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளையாக வந்திருக்கிறது.'"

நான் உறிஞ்சிய மாத்தே மூக்கில் ஏறிவிட்டது.

எல்பியோவைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் ஜாதியே அப்படித்தான். வானொலியில் ஒருவரை முதலில் பிடித்ததும் அவர் குரல் எப்படிக் கேட்கிறது என்று மதிப்பெண் சொல்ல வேண்டும். தெளிவுக்கு ஐந்துக்கு எத்தனை, வலுவுக்கு ஒன்பதுக்கு எத்தனை. ஐந்தும் ஒன்பதும் சேர்ந்த ஐம்பத்தொன்பது என்றால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல என்று அர்த்தம். ஆனால் கடல் தாண்டி வந்த மனிதனிடம் உன் குரல் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? அதனால் எல்லோரும் எல்லோருக்கும் ஐம்பத்தொன்பதையே அள்ளிக் கொடுப்போம். கொடுத்த கையோடு, "உங்க பேரு என்ன சொன்னீங்க? ஒண்ணும் கேக்கல, திரும்பச் சொல்லுங்க" என்போம். இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

"நீயும் ராத்திரியே அம்பத்தொம்போது அனுப்பியிருக்க. திறந்து பாத்தியா?" என்று கேட்டாள் ஸுல்மா.

"பாத்தேனே."

"முதல் செய்தி என்ன?"

நான் வெந்நீர் ஊற்றுவதில் மும்முரமானேன்.

"தெரியும்டா உன் லட்சணம்," என்று ஒருவழியாகக் குடுவையைப் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம்தான் திறந்து படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நின்ற நிலையில் படித்துவிட்டேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன் நான், தேவையில்லாத பாகத்தைக் கழற்றிப் போட்டால் யந்திரம் எவ்வளவு சுகமாக ஓடும் என்று எனக்குத் தெரியும். மனதாரப் பாராட்டினேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் முகம் மலரவில்லை.

"நல்லா இருக்குன்னு இப்ப நிஜமாவேதான் சொல்றேன். இன்னும் என்ன?"

"ஏரியல் இன்னும் ஒண்ணும் எழுதல," என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

ஏரியல் இருப்பது வடக்கே பெல்யா உனியோனில். பிறவியிலேயே பார்வை கிடையாது. தந்தி அடிப்பதில் அவரை மிஞ்ச இரண்டு கரையிலும் ஆள் இல்லை. வாயும் அதே மாதிரிதான், தயவுதாட்சண்யமே கிடையாது. உன் குரல் முப்பத்திரண்டு என்றால் முப்பத்திரண்டு என்றுதான் சொல்வார். ஒருமுறை டார்டோ புது மைக் வாங்கிப் பெருமையாகப் பேசியபோது, "தலைவரே, தண்ணித் தொட்டிக்குள்ளேர்ந்தா பேசுறீங்க? நாப்பத்திரண்டு," என்று கழகம் முழுக்கக் கேட்கச் சொன்னவர். அவர் வாயால் ஐம்பத்தொன்பது வாங்கியவர்கள் மூன்று பேரோ நான்கு பேரோதான். அவர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறார்கள்.

வாரம் ஒருமுறை அவருடைய மனைவி ஓல்கா பக்கத்தில் உட்கார்ந்து இதழை வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். அவர் வீட்டுக் கணினிக்கு எழுத்தைப் படித்துச் சொல்லும் குரல் உண்டு. ஆனால் டார்டோவின் அலங்காரம் படமல்லவா? அதைத் திறந்தால் அந்தக் குரல், "படம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிடும். கோடையில், கார்னிவல் திருவிழாச் சமயத்தில் ஓல்கா இறந்துபோனாள். அன்றிலிருந்து ஏரியல் அலைவரிசைக்கு வரவில்லை. ஞாயிறு காலை வானொலிக் கூட்டத்தில் அவர் பெயரைக் கூப்பிடுவோம், கொஞ்சம் காத்திருப்போம், அடுத்த பெயருக்குப் போய்விடுவோம்.

"அவருக்காகவா மாத்தின?"

"கத்தாதடா," என்றாள், கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லாவிட்டாலும். "திரையை அணைச்சிட்டு, அந்தக் குரலை மட்டும் போட்டுக் கேட்டுக் கேட்டுத்தான் செஞ்சேன். எங்கெல்லாம் முழுங்குதோ அங்கெல்லாம் திருத்தினேன். அவரு கேட்டாரா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும்."

"ஒரு போன் போட்டா முடிஞ்சுது. நானே போடறேன்."

"கையை ஒடிச்சிடுவேன்! உங்களுக்காகத்தான் செஞ்சோம்னு தெரிஞ்சா அந்த மனுஷன் அதைத் தொடவே மாட்டார். சாவுக்கு நாம அனுப்பின பழக்கூடையையே திருப்பி அனுப்பினவர்டா."

அதுவும் உண்மைதான். அந்தக் கூடையிலிருந்த ஆரஞ்சை ஒரு வாரம் நான்தான் தின்று தீர்த்தேன்.

இதற்குள் டார்டோவின் பதிலும் வந்தது. 'ஐம்பத்தொன்பது, அன்புள்ள ஸுல்மா. நேர்த்தியான முயற்சி. ஆனால் கழகத்தின் சின்னம் எங்கே? சின்னம் இல்லாத இதழ் தலை இல்லாத உடல். ஞாயிறு கூட்டத்தில் பேசி, பழைய வடிவத்துக்கே திரும்பலாம் என்பது என் பணிவான கருத்து.' டார்டோ பணிவு என்ற சொல்லை எடுத்தால் முடிவாகிவிட்டது என்று பொருள். கூட்டத்தில் அவரை எதிர்த்து யாரும் பேச மாட்டார்கள். ஐம்பத்தொன்பது போட்ட அத்தனை பேரும் பழைய தோல் ஏட்டுக்கும் ஐம்பத்தொன்பது போடுவார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "காரணத்தைச் சொல்லிடு. சொன்னா டார்டோ வாயை மூடிப்பார்."

"சொன்னா டார்டோ அதையே ஒரு தீர்மானமாப் போட்டு, 'நம் பார்வையற்ற சகோதரருக்காக'ன்னு தலைப்பு வைச்சு எல்லாருக்கும் அனுப்புவார். வேண்டாம்டா எபெர். போறதுன்னா போகட்டும்."

ஞாயிறு காலை குளிர் எலும்பைக் குடைந்தது. ஸுல்மா வீட்டு அடுப்படியில்தான் அவளுடைய ரேடியோ இருக்கிறது. நானும் பிஸ்கட் பொட்டலத்தோடு போய் உட்கார்ந்துகொண்டேன். டார்டோ வழக்கமான கனத்த குரலில் ஒவ்வொருவராக அழைத்தார். ஒவ்வொருவரும் வந்து, ஸுல்மாவின் இதழைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். பல் டாக்டர், தன் மாமியார்கூடப் படித்தாள் என்றார். எல்பியோவுக்கு இரண்டாவது முறை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. "இப்ப நிஜமாவே அம்பத்தொம்போது, எழுத்தெல்லாம் தெரியுது!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஸுல்மா விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பெல்யா உனியோன், ஏரியல்," என்று கூப்பிட்டார் டார்டோ.

இரைச்சல் மட்டும்தான் வந்தது.

"ஏரியல், கேட்கிறதா?"

ஸுல்மா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"சரி. அடுத்ததாக, இதழின் வடிவம் குறித்து ஒரு பணிவான..."

"இருக்கேன், இருக்கேன்! ஒரு மனுஷன் நாற்காலியைத் தேடி உக்கார வேண்டாமா? அதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடுறது!"

ஏரியலேதான். ஸுல்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. பிடியா அது, குறடு.

டார்டோவுக்கே குரல் தடுமாறியது. "ஏரியல்! எவ்வளவு சந்தோஷம்... எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்னு சொன்னேனே. இதழைப் பத்தித்தானே பேச்சு? நானும் சொல்றேன். ஏதோ கண்ணாடி மறந்த கிழடுகளுக்காக எழுத்தைப் பெரிசாக்கியிருக்கீங்களாமே, எபெர் மாதிரி ஆளுங்களுக்கு. எனக்கு எழுத்து பெரிசோ சிறிசோ ஒண்ணுதான். ஆனா வியாழக்கிழமை பழக்கதோஷத்துல அதைத் திறந்தேன். 'படம்'னு சொல்லிட்டு நிக்கும், மூடிடலாம்னு பாத்தா, இந்த மெஷின் நிறுத்தாமப் படிக்குது! அதுவும் ஸ்பெயின்காரன் குரல்ல, பாதிரியார் பிரசங்கம் மாதிரி. காற்று சாய்ச்ச ஆன்டெனா வரைக்கும் படிச்சிடுச்சு."

பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "ஒரு சந்தேகம். கடைசியில 'விற்பனைக்கு'ன்னு ஒரு பகுதி வருதே. அது எப்ப ஆரம்பிச்சீங்க?"

"அது எப்பவுமே இருக்கே, ஏரியல்," என்றார் டார்டோ. "பத்துப் பன்னிரண்டு வருஷமா."

இரைச்சல் ஏறி இறங்கியது.

அப்புறம் ஏரியல் சிரிக்க ஆரம்பித்தார். இருமலும் சிரிப்புமாக, பேசும் பொத்தானை விடாமலே சிரித்தார்.

"பத்துப் பன்னிரண்டு வருஷமா! அடி கள்ளி! ஓல்கா கறி விருந்தோட நிறுத்திடுவா. 'அவ்வளவுதான், முடிஞ்சுது'ம்பா. நான் கண்டதையும் வாங்கி வீட்டை நிரப்பிடுவேன்னு பயம். வாரா வாரம் என்னை ஏமாத்தியிருக்கா, பாத்தீங்களா? குரல்ல ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாம!" சிரிப்பு தேய்ந்து நின்றது. "நாலு நாளா இதுவாத்தான் இருக்குமோன்னு நினைச்சு நினைச்சுச் சிரிக்கிறேன். அவ போனப்புறம் இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் இப்பதான் கேக்குது."

ஸுல்மா அழுதுகொண்டிருந்தாள். நானும் பிஸ்கட் பொட்டலத்தைக் காரணமில்லாமல் மடித்துக்கொண்டிருந்தேன்.

"எபெர், அங்க இருக்கியா?" என்றார் ஏரியல். "ஏதோ பித்தளைத் தந்திச் சாவின்னு போட்டிருக்கியே. வித்துடுச்சா?"

ஸுல்மாவின் மைக்கை வாங்கி, "உங்களுக்காகத்தான் மூணு வருஷமா வைச்சிருக்கேன்," என்றேன்.

"புளுகாத. யாரும் வாங்கலன்னு சொல்லு. எடுத்து வை. இனிமே என்னைத் தடுக்க யாரு இருக்கா?"

டார்டோ தொண்டையைச் செருமினார். "ஏரியல், அந்தச் சின்னம்... நம் கழகச் சின்னத்தைத் திரும்ப வைக்கலாம் என்று ஒரு..."

"எந்தச் சின்னம்? அந்த மின்னலும் கழுகுமா? ஓல்கா அதைக் கோழின்னுதான் சொல்வா. வேண்டாம், தலைவரே. அந்தக் கோழி மேயற இடத்துல எனக்கு 'படம்'னு மட்டும்தான் கேக்கும்."

இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தது. டார்டோ நல்ல மனிதர்தான், புரிந்துகொள்ளச் சற்று நேரம் எடுத்தது, அவ்வளவுதான். அடுத்து அவர் பேசியபோது குரலில் வக்கீல் இல்லை. "அப்படின்னா சின்னம் வேண்டாம். இதழ் இப்படியே இருக்கட்டும். உங்க மதிப்பெண்ணைச் சொல்லிடுங்க, ஏரியல். எல்லாரும் அம்பத்தொம்போது போட்டிருக்கோம்."

"தெளிவு அஞ்சு. அதுல பேச்சே இல்ல. ஒரு வார்த்தை தப்பாம வந்துது." சற்று யோசித்தார். "வலு எட்டு."

"எட்டா?" டார்டோ பதறிவிட்டார். "ஒன்பது கொடுக்கக் கூடாதா?"

"ஒம்போது ஓல்காவோடது, தலைவரே. அது அவகிட்டயே இருக்கட்டும். அம்பத்தெட்டு, ஸுல்மா. வியாழக்கிழமை காத்திருப்பேன். ஓவர்."

ஸுல்மா மைக்கை என்னிடமிருந்து வாங்கினாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு, ஒரு ஜெராக்ஸுக்குச் சில்லறை கொடுப்பவள் மாதிரிச் சொன்னாள்: "மதிப்பெண் கிடைத்தது, ஏரியல். நன்றி. ஓவர்."

பொத்தானை விட்டாள். அடுப்படியில் நின்று என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"அம்பத்தெட்டுடா எபெர்! கேட்டியா? அம்பத்தெட்டு!"