நோக்கம் எழுதாத பயணம்

மண்ணுக்கு அடியில் ரயில் விடுவது என்றால் முதல் வேலையாக இயந்திரத்தைக் கொண்டுவந்து பூமியைத் துளைப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே, யார் எங்கிருந்து எங்கே எதற்காகப் போகிறார்கள் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்து, மறுவாரம் நிரப்பி வாங்கி, கட்டுக் கட்டாகத் திட்ட அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில் கொட்டுவார்கள். அதை உட்கார்ந்து சலிக்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் நம்மவர். ஐம்பத்திரண்டு வயது. அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் சிவப்புப் பேனா.

இப்போது வந்திருந்த கட்டுகள் புதிய நீட்டிப்புக்கானவை, மூன்று மாதம் முன்னால் நிரப்பி வாங்கியவை. ஓடிக்கொண்டிருக்கும் பாதையின் கடைசி நிலையத்திலிருந்து கிழக்கே இன்னும் ஐந்து நிலையங்கள். எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் போக வர இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்த பிறகுதான் எங்கே நிலையம், எங்கே வாசல் என்பதெல்லாம் முடிவாகும்.

பயணம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும். இது அலுவலக விதி. வேலை, படிப்பு, கடை, மருத்துவம், உறவினரைப் பார்க்க, அது இது என்று எட்டுக் கட்டங்கள். எட்டிலும் டிக் இல்லை, போன இடத்தில் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழையவில்லை, பஸ் ஸ்டாப்பிலிருந்தே திரும்பியாயிற்று என்றால் அது செல்லாத பயணம். சிவப்பில் ஒரு கோடு, முடிந்தது. மற்றவர்கள் யோசித்து யோசித்துக் கோடு போடுவார்கள். இவருக்கு யோசனையெல்லாம் கிடையாது. ஒரு நாளைக்கு எண்பது படிவம். வேலையில் புலி, அதை மறுப்பதற்கில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. தெரிந்தவர்களின் படிவம் கைக்கு வந்தால் தொடாமல் மேலதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். மற்ற மேஜைகளில் அடிக்கடி "ஐயோ, இது எங்க மச்சான் வீடு", "இது எங்க பக்கத்து வீட்டு மாமி" என்று சத்தம் எழும். பதினொரு வருடத்தில் நம்மவருக்கு ஒருமுறைகூட அந்த விதி தேவைப்பட்டதில்லை. தெரிந்தவர் என்று யார் இருக்கிறார்கள்?

மதியச் சாப்பாடு ஜன்னலோரம், தனியாக. மாலை ஐந்து நாற்பதுக்கு தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்குவார். இறங்கும் பக்கத்திலேயே அவர் குடியிருப்பின் கேட். வட்டப் பாதையில் சுற்றிவரும் பஸ், காலையில் ஏறுவதும் இதே பக்கத்தில்தான். சாவியைத் தேடியபடி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவார். சனி, ஞாயிறு முழுக்க வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. திங்கட்கிழமை காலையில் அலுவலகக் காவலாளிக்கு வணக்கம் சொல்லும்போது தொண்டை கரகரக்கும். சளி பிடித்திருக்கிறது என்று காவலாளி நினைத்துக்கொள்வார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. கட்டுக்குள் நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ படிவம். வீட்டில் இருப்பவர் ஒருவர். பெண். வயது அறுபத்தொன்று. நடப்பதில் சிரமம் உண்டா? உண்டு, முழங்கால். இரண்டு பஸ் மாறிப் போன ஒரே ஒரு பயணம். எட்டுக் கட்டமும் காலி. 'வேறு ஏதேனும்' என்ற இடத்தில் மட்டும் 'பார்த்துவிட்டு வர' என்று எழுதியிருந்தது. யாரை, எதை, ஒன்றும் இல்லை. பேனா தன்பாட்டுக்கு ஒரு கோடு இழுத்தது.

இழுத்த பிறகுதான் கண் அந்த ஏழுகளில் போய் நின்றது. புறப்பட்ட நேரம் 3.27. போய்ச் சேர்ந்தது 5.17. திரும்பக் கிளம்பியது 5.57. ஊரில் எல்லோரும் மூன்றரை, ஐந்தே கால் என்று மொத்தமாக எழுதும்போது நிமிடம் பிசகாமல் எழுத இது யார்? அதுவும் ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் குறுக்கே ஒரு கோடு. ஒரு கணம், இந்தப் படிவத்தை நாமேதான் நிரப்பினோமோ என்று அவருக்குக் குழம்பிவிட்டது. ஏனென்றால் அவர் ஏழும் அப்படித்தான். 'உங்க ஏழுக்கு ஏன் சார் பெல்ட் போட்டு விடறீங்க?' என்று அலுவலகமே கிண்டல் செய்யும்.

அந்த பெல்ட்டைப் போடச் சொல்லிக்கொடுத்தது அக்கா.

இறங்கிய இடத்தைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி ஸ்டாப், எதிர்ப்பக்கம். திரும்ப ஏறியதும் அங்கேயேதான். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? வாரம் ஒருமுறை, புதன்கிழமை. எவ்வளவு காலமாக? ஆறு வருடம்.

ஆறு வருடம் முன்னால் முதல் பாதை திறக்க இருந்த நேரம். கடைசி அறிக்கை அவர் மேஜையில். அம்மா ஆஸ்பத்திரியில். அக்கா மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் "இன்னும் அரை மணி நேரத்துல கிளம்பிடறேன்க்கா" என்றார். கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கும் புதன்கிழமைதான். உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அக்கா கத்தினாள். "உன் ரயிலையே கட்டிக்கிட்டு அழு. இனிமே உனக்கு அக்கா கிடையாது, போ."

"இல்லன்னா இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். போன் நம்பரையும் மாற்றினார். தப்பு தன் பேரில் என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் கோபம் அதிகமாக வந்தது. ரோஷத்தை மட்டும் அம்மா இரண்டு பேருக்கும் சரிசமமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். முதல் வருடம் அக்கா கூப்பிடட்டும் என்று இருந்தார். இரண்டாவது வருடம் கூப்பிட வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம், அவள் என்னை மறந்தே போயிருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி அதையே நம்பிவிட்டார்.

அன்று மாலை அந்தப் படிவத்தைக் கட்டோடு கட்டாமல் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். மறுநாள் புதன். அவள் வருவாள், பிடித்துவிடலாம் என்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, ஆறு வருடத்தில் முதல்முறையாக ரோட்டைத் தாண்டினார்.

ஸ்டாப்பைக் காணோம். நிழற்கூரையும் இல்லை, பெஞ்சும் இல்லை. அந்த இடத்தில் மஞ்சள் தகரத் தடுப்பு. உள்ளே மண் பரிசோதனைக்காகத் துளை போடும் எந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. தடுப்பில் ஓர் அறிவிப்பு: ரயில் நீட்டிப்புப் பணிக்காக இந்த நிறுத்தம் அரை கிலோமீட்டர் தள்ளி மாற்றப்பட்டுள்ளது. தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. கீழே முத்திரை, சாட்சாத் அவருடைய அலுவலகத்தினுடையது. தினமும் இதற்கு நேர் எதிரேதான் இறங்கியிருக்கிறார். தலையை நிமிர்த்தினால்தானே தெரியும்!

புது ஸ்டாப் வரை ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. திரும்பி வந்து தடுப்பின் ஓரத்தில் ஐந்து ஐம்பத்தேழு வரை நின்றார். இங்கிருந்து பார்த்தால் அவருடைய கேட் பளிச்சென்று தெரிந்தது. ஐந்து நாற்பது பஸ் வந்து நின்றது. யாரோ ஒருவர் இறங்கி, பையைத் துழாவிக்கொண்டே கேட்டுக்குள் போனார். மிஞ்சிப் போனால் இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்துக்காகவா, முழங்கால் வலியோடு மூன்றே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போய் வந்தாள்? ரோட்டோரம் நின்று அழுதார். எந்திரச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

வியாழக்கிழமை காலை, படிவத்தை எடுத்துக்கொண்டு பிரிவு அதிகாரியிடம் போனார். அந்த அம்மாளை எல்லோரும் மேடம் என்பார்கள். கண்டிப்பானவர்.

"மேடம், இந்தப் படிவத்தை நான் பார்க்கக் கூடாது."

"ஏன்?"

"தெரிஞ்சவங்களோடது."

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? யாரு?"

"எங்க அக்கா."

அந்தச் சொல்லை வாயால் சொல்லி ஆறு வருடம் ஆகியிருந்தது. திங்கட்கிழமைக் குரல் மாதிரி கரகரவென்றுதான் வந்தது.

"பதினொரு வருஷமா ஒரே ரூம்ல இருக்கோம். உங்களுக்கு அக்கா இருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"எனக்கே முந்தாநாள்தான் மேடம் தெரிஞ்சுது."

மேடம் படிவத்தைப் புரட்டினார். "அதான் கோடு போட்டுட்டீங்களே. அப்புறம் என்ன?"

"அந்தக் கோட்டை எடுக்கணும். உறவினரைப் பார்க்கன்னு போடணும்."

"எப்படிப் போட முடியும்? ஸ்டாப்புல உக்காந்துட்டுத் திரும்பியிருக்காங்க. யாரையும் பார்க்கலையே?"

"பார்த்தாங்க மேடம். நான்தான் பார்க்கல."

மேடம் பச்சைப் பேனாவை எடுத்து, சிவப்புக் கோட்டின் பக்கத்தில் 'செல்லும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "லீவ் எழுதி வச்சுட்டுக் கிளம்புங்க. அறிக்கை ரெண்டு நாள் தள்ளிப் போனா ஊர் ஒண்ணும் முழுகிடாது."

இதை ஆறு வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால்! சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருக்கவா போகிறார்.

இரண்டு பஸ். முதலாவதில் உட்கார இடம் கிடைத்தது, இரண்டாவதில் இல்லை. இறங்கியபின் பன்னிரண்டு நிமிட நடை. முழங்கால் சரியில்லாதவளுக்கு இருபது நிமிடமாவது ஆகும் என்று அவர் மனம் தன்னால் கணக்குப் போட்டது. கீழ்த்தளத்து வீடு. அழைப்பு மணியில் விரலை வைத்துவிட்டு எடுத்தார். மறுபடி வைத்தார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. வெட்கம் கெட்ட மனசு, அதற்கும் துணிந்தது. அதற்குள் கதவு திறந்துவிட்டது.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

"அந்த ஸ்டாப்பை எங்கடா தூக்கிட்டுப் போனீங்க?"

"மண்ணு டெஸ்ட் பண்றாங்கக்கா."

"நல்லா பண்ணுனீங்க. புது ஸ்டாப்புல நாலு வாரம் வந்து நின்னேன். அங்கேர்ந்து உன் கேட்டே தெரியல. அதான் விட்டுட்டேன்."

"ரோட்டைத் தாண்டி வந்திருக்கலாமேக்கா. நாலு எட்டு."

"நீ தலையைத் தூக்கியிருக்கலாமேடா. அதுக்கு ஒரு எட்டுகூட வேண்டாம்."

சின்ன வயதில் அக்கா அவரைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகும்போது கையைப் பிடித்தால் உதறிவிட்டு ஓடுவான் என்று சட்டைக் காலரைத்தான் பிடித்துக்கொண்டு போவாள். இப்போதும் கை அங்கேதான் வந்தது. காலரைப் பிடித்து அவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தி, தலையிலிருந்து தாடை வரைக்கும் அவசரமில்லாமல் பார்த்தாள்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பார்க்கறப்போ, இவ்வளவு நரைச்சது தெரியலடா" என்றாள்.