கடைசியாகத் துடைத்த கை

நாச்சிமுத்துவின் மனைவி கோகிலாமணி காலையில் குளித்து, பட்டுப்புடவை கட்டி, கம்ப்யூட்டருக்குள் இருந்த விமானத்தில் ஏறிச் சேலத்துக்குக் கிளம்பினாள். அன்று அவளுடைய தம்பிக்குக் கல்யாணம். பஸ்ஸில் போனால் புடவை கசங்கும்.

விமானம் நாச்சிமுத்துவுடையது. கோயம்புத்தூரில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில், மேசைமேல் இருந்தது. திரையில் பறக்கிற பாவனை விமானம்தான். அதற்காக வாங்கிப்போட்ட சாமான்கள் பாவனை இல்லை. திருப்ப ஒரு ஜாய்ஸ்டிக், வேகத்துக்கு ஒரு லீவர், காலுக்கு மிதி, சக்கரம் இறக்க ஒரு சுவிட்சு. எதை அமுக்கினால் எது நடக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு மழைக்காலம் முழுசாகப் பிடித்தது.

கிளம்புவதில் ஒரு தொல்லையும் இல்லை. விமானம் தானாகவே கிளம்பிவிடும். இறங்குவதற்குத்தான் ஆள் வேண்டும்.

சேலம் கண்ணுக்குத் தெரிந்ததும் நாச்சிமுத்து ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தார். விமானம் அசையவில்லை. பால் வாங்கிக்கொண்டு நடைவழியில் வந்த எதிர்வீட்டுச் சாந்தலிங்கம் இடப்பக்கம் சாய்ந்தார். நாச்சிமுத்து லீவரைத் தள்ளினார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. மிதியை மிதித்தார். கீழே வாட்ச்மேன் தும்மினார். சக்கரச் சுவிட்சைப் போட்டார். எங்கேயும் எதுவும் நடக்கவில்லை.

அவர் ஹெட்போனை மாட்டினார்.

“கோகிலா, நேத்து ஆயுத பூஜைக்கு இந்தச் சாமானையெல்லாம் கழட்டினயா?”

“கழட்டாம எப்படிங்க பொட்டு வெக்கறது? நல்லாத் தொடச்சு, சந்தனம் வெச்சு, திரும்பச் சொருகி வெச்சேன்.”

“எந்த ஓட்டையில எதைச் சொருகின?”

“எல்லாம் ஓட்டைதானுங்களே.”

நாச்சிமுத்துவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் எரிந்தது. பாதிக் கோபம் பெண்டாட்டிமேல். மீதியும் அதற்கு மேலும் கம்ப்யூட்டர்மேல். ஓட்டை மாறினால் உன்னை யாரென்றே தெரியாது என்கிற புத்தியை அதற்கு எவன் கொடுத்தான்? மாட்டை வேறு கொட்டகையில் கட்டினால் அது நாயாகிவிடுமா?

“முகூர்த்தம் நெருங்குதுங்க,” என்றாள் கோகிலாமணி. “அங்க எல்லாரும் வானத்தையே பாத்துட்டு நிக்கறாங்க.”

கொங்குநாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்தாக வேண்டும். அது நடக்காமல் தாலி இல்லை. அந்தப் பையனுக்கு இவளை விட்டால் அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. விமானம் சேலத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணெய் முள் கீழே வந்துகொண்டிருந்தது.

எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்று ஒதுக்கும் அலுவலகம் சமையலறையில் இருந்தது. நாச்சிமுத்து எல்லாவற்றையும் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். சமையலறைக்குப் போகிற வழி அன்றைக்கு நீண்டுவிட்டிருந்தது. நடுவில் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. வயர்கள் தரையில் இழுபட்டன. கக்கத்தில் ஜாய்ஸ்டிக் ஆட ஆட, சாந்தலிங்கமும் தள்ளாடிக்கொண்டே பின்னால் வந்தார்.

“கொஞ்சம் நேராப் புடிங்க,” என்றார் சாந்தலிங்கம்.

“வாய மூடிட்டு வாங்க.”

கிரைண்டருக்குப் பக்கத்தில் அதிகாரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒதுக்கும் வேலைக்குக் கண் தேவைப்படவில்லை.

“ஒதுக்க வேண்டியதை அமுக்குங்க.”

நாச்சிமுத்து மிதியை அமுக்கினார்.

“அது வாட்ச்மேன் தும்மல்.”

“தெரியுங்க. அதைச் சக்கரத்துக்கு மாத்துங்க.”

“அப்பத் தும்மலை எங்க வெக்கறது?”

“குப்பையில போடுங்க!”

“குப்பைக்கு ஏற்கெனவே ஒரு பொத்தான் இருக்குதுங்க.”

நாச்சிமுத்து கிரைண்டரை ஓங்கிக் குத்தினார். கைதான் வலித்தது. வலி கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

“என்ற பொண்டாட்டி மேல சுத்திட்டிருக்கா! ஓட்டையப் பாத்து ஒதுக்கறது ஒரு ஒதுக்கலா? சாமானப் பாருங்கய்யா. எங்க சொருகினாலும் இது ஜாய்ஸ்டிக்தான். இதுக்கு எசமான் யாருன்னு பாத்து ஒதுக்குங்க!”

அதிகாரி கண்ணைத் திறந்தார்.

“நல்ல யோசனைங்க. இதுவரைக்கும் யாரும் சொல்லல.” மறுபடி மூடிக்கொண்டார். “செஞ்சாச்சு.”

“என்ன செஞ்சீங்க?”

“இனி ஓட்டையப் பாக்க மாட்டோம். எசமானப் பாப்போம். கடைசியாத் தொடச்ச கைதான் எசமான்.”

“தெனமும் ஓட்டறவன் நானுங்க!”

“ஓட்டறீங்க. தொடச்சிருக்கீங்களா?”

நாச்சிமுத்து ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தார். அதன் இடுக்குகளில் சந்தனம் காய்ந்திருந்தது. அந்தச் சந்தனத்தைக் கண்டதும் வந்த கோபம் இருக்கிறதே, அதற்கு முன்னால் மற்றதெல்லாம் கால்தூசு.

திரும்பி வரும் வழி ஓரெட்டுத்தான் இருந்தது. சாமான்களை வந்த கையோடு ஏதோ ஓட்டைகளில் சொருகினார். இப்போது அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

“ஏனுங்க,” என்றாள் கோகிலாமணி ஹெட்போனில். “எல்லாம் என்ற கைக்கு வந்துருச்சுங்க.”

“சக்கரத்தை எறக்கு!”

“எனக்கு விமானம் ஓட்டத் தெரியாதுங்க. உங்களத்தான் ஓட்டத் தெரியும். கீழ உக்காருங்க.”

உட்கார அவருக்கு இஷ்டமில்லை. முழங்கால்கள் மடங்கின. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திரையில் விமானத்தின் சக்கரங்கள் இறங்கின.

“கொஞ்சம் எடப்பக்கம் திரும்புங்க.”

திரும்பினார். விமானமும் திரும்பியது.

“பல்லக் கடிக்காதீங்க, மூக்கு மேல தூக்குது. மூச்ச மெதுவா விடுங்க.”

விட்டார். வேகம் குறைந்தது. விமானம் சேலத்தில் பூப்போல இறங்கி ஓடி நின்றது. இத்தனை வருஷத்தில் நாச்சிமுத்து அப்படி ஒரு தடவைகூட இறக்கியதில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்ததில் காது மடல் சூடாகியது.

“நான் எந்திரிக்கலாமா?”

“எந்திரிச்சா சக்கரம் உள்ள போயிருமுங்க, விமானம் வயிறு தட்டிரும். சீர முடிச்சுட்டு, பந்தியில உக்காந்துட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் அப்படியே இருங்க.”

“எப்ப வருவ?”

ஹெட்போனில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

சாந்தலிங்கம் வாசற்படியில் சாய்ந்து நின்றார். பால் பாத்திரமும் சாய்ந்திருந்தது.

“நாச்சிமுத்து, உங்க மேசைக்கடியில அவங்க தொடச்ச துணி கெடக்குது பாருங்க. கை நீட்டினா எட்டும். ஒரு தொட தொடச்சீங்கன்னா எல்லாம் உங்க கைக்கு வந்துரும். நானும் நேராயிருவேன்.”

நாச்சிமுத்து துணியைப் பார்த்தார். மஞ்சள் துணி. கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது.

“தொடைக்க மாட்டேன்,” என்றார்.

“ஏனுங்க?”

“ஓட்டறவன் நான்!”

சாந்தலிங்கம் சாய்ந்தபடியே தன் வீட்டுக்குப் போனார். நாச்சிமுத்து சம்மணம் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.