தாமதமாக விழும் அடி

குணசேகர் அந்த ஒலிநாடாவைப் பதினாறாம் வயதில், கோலார் தங்கவயலில் வாங்கினான். வாங்கிய அன்றே வெறுத்தான். பெங்களூர்க் கல்லூரி மாணவர்கள் நால்வர் ஆங்கிலத்தில் பாடிய ராக் ஆல்பம் அது. ட்ரம்ஸ் வாசித்த ஜெயராமன் தங்கவயல்காரன் என்ற ஒரே காரணத்தால்தான் அதைத் தூக்கி எறியவில்லை. கிட்டார் முந்தி ஓட, ஜெயராமனின் அடி எப்போதும் சற்றுப் பின்தங்கியே விழுந்தது.

இரண்டாண்டுகள் கழித்து ஒரு மாலை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். முதலில் அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன. அதன் பிறகே ஓசை வந்தது. குணசேகர் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஜெயராமன் தவறு செய்யவில்லை. அந்தத் தாமதத்தில் தன் ஊரை வாசித்திருக்கிறான்.

அந்த ஜெயராமன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் குழுவின் பாடகர் வின்சென்ட் ஆல்பத்தை மீண்டும் வெளியிட முனைந்தபோது, மூல நாடா பூஞ்சை பிடித்துக் கிடந்தது. ஜெயராமனை இனியாவது நாலு பேர் கேட்கட்டும் என்று குணசேகர் தன் பிரதியைக் கொடுத்தான்.

ஞாயிறன்று பெங்களூர் காக்ஸ் டவுனிலுள்ள தன் வீட்டில் வின்சென்ட் புதிய பதிவைப் போட்டுக் காட்டினார். ஒலிப்பதிவாளன் ஹரிஷ்குமார் கணினியின் முன் அமர்ந்திருந்தான்.

“எப்டி குணா? சும்மா கண்ணாடி மாதிரி இல்ல?” என்றார் வின்சென்ட்.

“ஜெயராமன் எங்கண்ணா?”

“அவன் எப்பவுமே லேட்டுடா! மிஷின் ட்ரம்ஸ் போட்டு ஹரிஷ் நேராக்கிட்டான்.”

வின்சென்ட் பல் தெரியச் சிரித்தார். கிளியைத் தின்றுவிட்டுக் கூட்டில் களிமண் கிளியை வைத்த நரிகூட இவ்வளவு பெருமையாகச் சிரித்திருக்காது.

“பழசையே போடுங்கண்ணா. அவன் வாசிச்சது அப்டியே இருக்கட்டும்.”

“இந்தக் காலத்துல மொத தடவையே புடிக்கணும்டா. எவன் காத்துனு இருப்பான்?”

“எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.”

“நீ ஸ்லோ மச்சான்!” வின்சென்ட் கடகடவென்று சிரித்தார். “வெள்ளிக்கிழம வெளிய வருது. அட்டையப் பாரு, அவன் பேரு எவ்ளோ பெருசா போட்டிருக்கோம்.”

திரையில் ஜெயராமனின் பெயர் தங்க நிறத்தில் மின்னியது. அவன் தொடாத தாளத்திற்கு அவன் பெயர். மாலையிட்ட பிணத்தின் வாயில் யாரோ வெற்றிலையைத் திணித்தது போலிருந்தது.

“அத எடுத்துடு ஹரிஷ்.”

“சார்?”

“அவன் பேர எடு.”

“டேய், அப்பறம் ட்ரம்ஸ் யாருன்னு போடறது?” என்றார் வின்சென்ட்.

“மிஷினுக்கு என்னா பேரோ அதப் போடுங்க.”

வின்சென்ட் தோளைக் குலுக்கினார். ஹரிஷ்குமார் விசையை அழுத்த, பெயர் கடைசி எழுத்திலிருந்து மறையத் தொடங்கியது. முதல் எழுத்தும் போகும்வரை குணசேகர் அங்கேயே நின்றான்.