லீக் இல்லாத வசனம்

குழாய்க்காரருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. அவர் பூட்டிய குழாயில் லீக் இருக்காது. அவர் எடுத்துப் போடும் வேத வசனத்திலும் லீக் இருக்காது. இரண்டையும் அவரே சொல்லிக்கொண்டு திரிவார் என்பதுதான் கொஞ்சம் சங்கடம்.

வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டை முறுக்கிக்கொண்டே, "நீங்க எந்த சபை? முழுக்கா, தெளிப்பா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்பார். தெளிப்பு என்று சொன்னால் தீர்ந்தது. கைக்குழந்தையின் நெற்றியில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்து, விசுவாசித்து, ஆள் முழுசாக முங்கி எழுந்தால்தான் செல்லும் என்று நிரூபிக்காமல் எழுந்திருக்க மாட்டார். வீட்டுக்கு மறுபடி தண்ணீர் வந்தாக வேண்டுமே என்ற கவலையில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். இப்படியாக அவர் முப்பது வருடம் தோற்காமல் இருந்தார்.

அவர் போகும் சபையின் முழுக்குத் தொட்டியைக் கட்டியதும் அவர்தான். எட்டடி நீளம், நாலடி ஆழம், இறங்க நாலு படி, நீல டைல்ஸ். கட்டிய நாளிலிருந்து ஒரு சொட்டு ஒழுகியதில்லை. தன் கையால் கட்டிய தொட்டிக்கு விரோதமாக யாராவது பேசினால் அவருக்கு அது உபதேசப் பிரச்சினையாக மட்டும் இருக்காது.

இப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள், ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். பையன் தங்கமான பையன். அவன் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அவரும் நல்ல மனிதர்தான். ஆனால் மூன்று தலைமுறையாகத் தெளிப்பு.

பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்று கண்ணாடிக்காரர் குடும்பத்தோடு வந்தார். டீ வந்தது. டீ ஆறுவதற்குள் வாக்குவாதம் வந்தது. குழாய்க்காரர் ஒரு வசனம் எடுத்தார், கண்ணாடிக்காரர் இரண்டு எடுத்தார். அவருக்கு ஒரு பழக்கம், வசனத்தால் அடிக்கப் போகும் நேரம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மஞ்சள் துணியால் துடைப்பார். அன்றைக்கு நாலு மணி நேரத்தில் ஒன்பது முறை துடைத்தார். கடைசியில் குழாய்க்காரர் தன் சிகரமான வாக்கியத்தைச் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க பையன் நனைஞ்சிருக்கான். ஞானஸ்நானம் எடுக்கல."

கண்ணாடிக்காரர் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். குழாய்க்காரருக்கு ஜெயித்த சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் மகள் ஆறிப்போன டீ டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை, சண்டை போடவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து மகளே சொன்னாள். "அவங்க வீட்டுல இன்னொரு தடவை பேசலாம்னு கூப்பிட்டிருக்காங்கப்பா. இதுதான் கடைசி. இந்தத் தடவையும் நீங்க ஜெயிச்சா, நான் தோத்துடுவேன்."

அன்றைக்கே அவருடைய மனைவி அவருக்கு விட்டுக்கொடுக்கும் பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். அவள் தையல்காரி. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு துணியை வெட்டியபடியே, "சொல்லுங்க" என்பாள்.

"நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ஆனா..."

"ஆனா கிடையாது. திரும்பச் சொல்லுங்க."

"நீங்க சொல்றதுதான் சரி. இருந்தாலும்..."

குண்டூசிகளைத் துப்பிவிட்டு முறைப்பாள். மறுபடி முதலிலிருந்து வரும். இரண்டு வாரத்தில் 'ஆனா'வைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்து விழுங்கப் பழகிவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். தோற்பதென்றாலும் ஒழுங்காகத் தோற்க வேண்டாமா? சும்மா தலையாட்டினால் விட்டுக்கொடுக்கிறான் என்று தெரிந்துவிடுமே. ஆகவே தெளிப்புக் கட்சிக்கு என்னென்ன ஆதாரம் உண்டென்று வேதத்தை முதலிலிருந்து புரட்டி, பில் எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டார். குறிக்கக் குறிக்க அவருக்குத் திக்கென்றது. எதிர்க்கட்சியில் இவ்வளவு சரக்கு இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போனார்கள். கீழே கடை, மேலே வீடு. நடை முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள் தொங்கின. கூடத்துச் சுவரில் கண் பரிசோதனை அட்டை, மேலே பெரிய எழுத்தும் கீழே போகப் போகப் பொடி எழுத்துமாக இருந்தது. இரண்டு அம்மாக்களும் உடனே சமையலறைக்குள் போய்விட்டார்கள். மகள் நடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையன் அப்பாவுக்குப் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்தான்.

குழாய்க்காரர் தொண்டையைச் செருமி, தோற்கத் தயாரானார். அதற்குள் கண்ணாடிக்காரர் முந்திக்கொண்டார்.

"போன தடவை நான் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன் சார். யோசிச்சுப் பார்த்தேன். முழுக்கு ஞானஸ்நானம்னு நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

குழாய்க்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வாரமாக மனப்பாடம் செய்த வாக்கியத்தை அந்த மனுஷன் எடுத்துக்கொண்டுவிட்டார். அதை விட்டுவிட முடியுமா?

"இல்ல சார், நியாயம் உங்க பக்கம்தான். பவுலும் சீலாவும் நடுராத்திரியில சிறைச்சாலைக்காரன் குடும்பத்துக்கே ஞானஸ்நானம் கொடுத்தாங்கல்ல? ஜெயில்ல ஆளை முக்குற அளவுக்குத் தொட்டி ஏது? நான் தொட்டி கட்டுறவன், எனக்குத் தெரியும். தெளிச்சுத்தான் கொடுத்திருப்பாங்க."

"அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது" என்றார் கண்ணாடிக்காரர், பணிவாக. "எத்தியோப்பியா மந்திரி தேரை நிறுத்திட்டு ஞானஸ்நானம் எடுக்கத் தண்ணிக்குள்ள இறங்கினாரே. தெளிக்கறதுக்கு எதுக்கு இறங்கணும்? ஒரு செம்பு போதுமே."

இந்த மந்திரியை வைத்துத்தான் குழாய்க்காரர் முப்பது வருடமாக ஊரை அடித்துக்கொண்டிருந்தார். இப்போது தேர் தன்னை நோக்கி வந்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இறங்கினா முங்கினாருன்னு அர்த்தமா? முழங்கால் தண்ணியா இருந்திருக்கும். சரி, அதை விடுங்க. ஒரே நாள்ல மூவாயிரம் பேரு ஞானஸ்நானம் எடுத்துச் சேர்ந்தாங்கல்ல, அதுக்கு வாங்க. கொடுக்குறவங்க பன்னெண்டு பேரு. ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு போட்டாலும் எட்டு மணி நேரம் இருபது நிமிஷம் ஆகுது. தண்ணி என்ன கதிக்கு ஆகியிருக்கும்? மாத்துறதுக்கு வால்வு இருந்துச்சா?"

"எருசலேம்ல குளம் இருந்துது."

"ஊரே குடிக்கிற குளம். மூவாயிரம் பேரு முங்க விடுவாங்களா?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். மஞ்சள் துணி வெளியே வந்தது. நடையில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தீர்க்கதரிசியே சொல்லியிருக்காரு" என்றார் குழாய்க்காரர், நோட்டின் அடுத்த பக்கத்தை மனதில் புரட்டி. "சுத்தமான தண்ணியை உங்க மேல தெளிப்பேன்னு எசேக்கியேல்ல இருக்கு. முக்குவேன்னு இல்ல."

"அது அந்நிய தேசத்துல சிறைப்பட்டுக் கிடந்த ஜனங்களுக்குச் சொன்னது. அதைப் பேத்து எடுத்து இங்க ஒட்டக்கூடாது."

"அப்போ தீர்க்கதரிசனத்தை நம்பமாட்டீங்க."

"தீர்க்கதரிசனத்தை நம்பறேன். நீங்க சொல்ற அர்த்தத்தைத்தான் நம்பல."

"உங்க பாட்டன், பூட்டன் எல்லாரும் குழந்தைக்குக் கொடுத்துட்டுத்தானே வந்தாங்க? அவங்க எல்லாம் முட்டாளா?"

"பெரியவங்க செஞ்சாங்கன்றது ஒரு ஆதாரமா சார்? வேதத்துல வசனம் இருந்தா காட்டுங்க."

இது குழாய்க்காரருடைய வாக்கியம். முப்பது வருடமாக வாஷ்பேசின்களுக்கு அடியிலிருந்து அவர் சொல்லிவந்த வாக்கியம். இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்கும்போது அது இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இங்கே இரண்டு பேரும் முயலை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அதற்கும் மூன்றே கால் என்று நின்றார்கள்.

"இப்பச் சொல்றேன் கேளுங்க" என்று கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். "என் பையன் முழுக்கு எடுத்துட்டுத்தான் உங்க பொண்ணு கழுத்துல தாலி கட்டுவான்."

"முழுக்கு எடுத்தா என் பொண்ணைத் தரமாட்டேன்."

பையன் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தான். "நான் ரெண்டுக்கும் ரெடி அங்கிள்."

"நீ சும்மா இரு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கண்ணாடிக்காரர் துணியை மடித்துப் பையில் வைத்தார். போன தடவை அதை வைத்த பிறகுதான் எழுந்து போனார். இந்த முறை வீடு அவருடையதாக இருந்ததால் போக இடமில்லாமல் நின்றார். "ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன். விசுவாசிச்ச பிறகுதான் ஞானஸ்நானம். கைக்குழந்தைக்கு என்ன தெரியும்? அது எதை விசுவாசிக்கும்?"

"குழந்தைக்குத் தெரியாது சார்" என்று குழாய்க்காரர் கத்தினார். "பெத்தவனுக்குத் தெரியும்ல? ரெண்டு நாள் குழந்தை, மூச்சுக்குத் திணறுது, டாக்டர் கையை விரிச்சுட்டாரு. விடியறதுக்குள்ள போயிடும்ன்றாங்க. அந்த நேரத்துல அப்பன்காரன் எட்டடித் தொட்டிக்கு எங்க போவான்? கையில ஒரு டம்ளர் தண்ணிதான் இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது.

சமையலறை வாசலில் அவர் மனைவி கையில் தட்டோடு நின்றாள். பிரசவம் முடிந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தவள் அவள். குழந்தை பிழைத்த கதைதான் அவளுக்குத் தெரியும், டம்ளர் கதை தெரியாது.

"எந்தக் குழந்தைங்க?" என்று கேட்டாள்.

குழாய்க்காரர் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார். மேலே இருந்த பெரிய எழுத்துகூட அவருக்குத் தெரியவில்லை. "நமக்கு இருக்கிறது ஒண்ணுதானே" என்றார்.

மகள் பிறந்தபோது தொட்டி கட்டி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தெளித்ததை மனைவியிடமும் சொல்லவில்லை, பாஸ்டரிடமும் சொல்லவில்லை. குழந்தை பிழைத்ததும் சந்தோஷத்தோடு வெட்கமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வாஷ்பேசினுக்கு அடியில் படுத்துக்கொண்டு அவ்வளவு சத்தமாகப் பேச ஆரம்பித்தார். யாரைத் தோற்கடிக்க அவ்வளவு வருடம் பேசினார் என்று இப்போது யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தன்னைத்தான் என்று சொல்லியிருப்பார்.

கண்ணாடிக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். "எனக்கு இதுக்குப் பதில் தெரியல சார். நீங்க சொல்றதுதான் சரி."

"இல்ல சார்" என்றார் குழாய்க்காரர். 'ஆனா' தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினார். "நீங்க சொல்றதுதான் சரி."

பயிற்சி கொடுத்தவளுக்கே அது கடைசியில் இவ்வளவு சுத்தமாக வரும் என்ற நம்பிக்கை இருந்திருக்கவில்லை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிக்காரரின் மனைவி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இந்த மனுஷனைத் தோத்துடுங்கன்னு சொல்லித்தான், அண்ணி, உட்கார வெச்சேன்" என்றாள். "பத்து நாளா சொல்லிக் கொடுத்தேன்."

"உங்க வீட்டுலயுமா?" என்றாள் தையல்காரி.

கண்ணாடிக்காரருக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. குழாய்க்காரரின் பக்கம் சாய்ந்து கேட்டார். "அப்புறம் பெரியவளானதும் உங்க தொட்டியில முழுக்கும் கொடுத்திருப்பீங்களே?"

"பதினெட்டு வயசுல கொடுத்தோம்."

"அப்போ ரெண்டு தடவை ஆச்சே. ஞானஸ்நானம் ஒண்ணுதான்னு வேதத்துல..."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்று கண்ணாடிக்காரரின் மனைவி பிஸ்கட் தட்டை அவர் மடியில் வைத்தாள். "நாங்க உள்ள தேதி குறிச்சு முக்கால் மணி நேரம் ஆச்சு. சாப்பிடுங்க."

கிளம்பும்போது குழாய்க்காரர் நடையில் உட்கார்ந்து செருப்பைத் தேடினார். மகள் வந்து பக்கத்தில் குந்தினாள். இடது காலுக்கு வலது செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கழற்றி மாற்றிப் போட்டுவிட்டாள்.

"எத்தனை சொட்டுப்பா?" என்று கேட்டாள்.

"மூணு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு எண்ணித்தான் விட்டேன்." செருப்பு வாரை இழுத்துச் சரிசெய்தார். "அப்புறம் ஒண்ணு தானா விழுந்துச்சு. அது டம்ளர்ல இருந்து இல்ல."

"லீக்காப்பா?"

தன் வேலையில் ஒரு நாளும் அந்த வார்த்தையை ஒப்புக்கொள்ளாத மனிதர், அவள் தலையில் கையை வைத்தார்.

"லீக்தான்மா" என்றார்.