சூட்டு சொன்ன தேதி

எந்தக் காவுக் கோயிலில் எந்த நாள் தெய்யம் ஆடுகிறது என்று தெரியவேண்டுமானால் கண்ணூர்ப் பக்கத்து ஆட்கள் எங்கள் இணையக் குழுவில் ‘சூட்டு’ என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பார்கள். அந்தச் சூட்டு நான்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. நிஷிதா என்று என் பெயரிலேயே எழுதியிருந்தால், தேதியைப் பார்ப்பதற்கு முன் எந்த வீட்டுப் பெண், இவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள். சூட்டு என்று ஓலைப் பந்தத்தின் பெயரை வைத்துக்கொண்டதால் யாரும் கேட்கவில்லை. நம்பினார்கள்.

சென்ற வாரம் கைப்பேசி கிணற்றில் விழுந்தது. கடவுச்சொல்லும் அதோடு போயிற்று. அதே வாரம் புளியங்கோட்டுக் காவை நடத்தும் தறவாட்டுக் குடும்பத்தில் ஒரு சாவு. தீட்டு என்பதால் ஞாயிற்றுக்கிழமைத் தெய்யக் களியாட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பழைய தேதியை எழுதியவள் நான். அதை நம்பி எங்கிருந்தெல்லாமோ வண்டி பிடித்து வருவார்கள். வந்து பூட்டிய காவைப் பார்ப்பார்கள்.

புதுக் கணக்கு தொடங்கி, நான்தான் சூட்டு, தேதி மாறிவிட்டது என்று எழுதினேன். உடனே ஒருவர் சூட்டின் பழைய எச்சரிக்கையை எடுத்துப் போட்டார்: புதுக் கணக்கில் யாராவது என் பெயரைச் சொல்லி வந்தால் நம்பாதீர்கள். எவனோ என் பெயரில் திரிந்தபோது நானே எழுதியது. என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நீக்கியவன் என் கணவரின் தம்பி பிரஜில். குழுவை நடத்துகிறவன் அவன்தான். மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பெருமையாகச் சொன்னான்.

“அது நான்தான்டா” என்றேன்.

அவன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். “அப்ப எங்க ஏட்டன் யாரு, முத்தப்பன் தெய்யமா?” ஏட்டன் என்றால் அவன் அண்ணன், என் கணவர்.

நான் எழுதியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதெல்லாம் தானும் படித்ததுதான் என்றான். சூட்டு ஓய்வுபெற்ற வாத்தியார், தனியாக இருக்கிற மனுஷன் என்பது அவன் முடிவு.

“அந்த எழுத்துல ஒரு நிதானம் இருக்கும், ஏட்டத்தி. பொம்பள எழுத்தில்ல அது.”

தெரிந்ததையெல்லாம் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். எனக்கு மட்டும் தெரிந்தது என்று காட்ட ஒன்றுமே மிச்சமில்லை.

“என்னை நம்பவேண்டாம். காவுக்கு ஃபோன் பண்ணிக் கேளு.”

இடது கையால் எண்ணை அழுத்தினான். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது. இப்போதாவது என்னை நம்புவான் என்று ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. அவனோ தன் பெயரிலேயே செய்தியைப் போட்டான். நன்றிகள் குவிந்தன.

“சூட்டுக்கும் வயசாயிருச்சுபோல. இதைக் கோட்டைவிட்டுட்டாரே” என்றான். “உங்களுக்கு யாரு சொன்னா?”

“நேர்ல போய்க் கேட்டேன்.”

“அவரும் அப்படித்தான், நேர்ல போய்க் கேட்காம எழுதமாட்டாரு. திரும்பி வந்தா உங்களப் பத்திச் சொல்றேன். சந்தோஷப்படுவாரு.”

சொல்லு என்றேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் அங்கே வீணாகப் போய் நிற்கவில்லை. அதற்காகத்தானே இவ்வளவும் என்று என்னைச் சமாதானம் செய்து பார்த்தேன். மனம் ஆறவில்லை.