பாதிச் சோதனை

நிஃப்லாவின் தலையை றஹ்மா மூன்றாம் தடவையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கண் எரிகிறதென்று ஒன்பது வயதுப் பிள்ளை சிணுங்கியது.

"எங்கயும் பயணமா?" என்று தன் மிளகாய்த் தோட்டத்திலிருந்து பக்கத்து வீட்டு ஸுலைஹா கேட்டாள்.

"ஓம், கல்யாண வீடொண்டு," என்று முந்திக்கொண்டு சொன்னான் தகப்பன் மர்ஸூக்.

மகளுக்கு நித்திரையில் வலிப்பு வருவது தாய் தகப்பனைத் தவிர பள்ளிவாசல்துறையில் ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் மூளையின் மின்னலைச் சோதனை எடுக்கும் பிரியதர்சினி, பிள்ளையின் தலையெங்கும் பசை தடவி வயர்களை ஒட்டினாள். திரையில் கோடுகள் ஏறி இறங்கின.

"வாப்பா, என்ட தலைக்குள்ள கடலடிக்குது!" என்று நிஃப்லா சிரித்தாள்.

"முழிச்சிருக்கேக்க எடுத்தது நல்லா இருக்கு," என்றாள் பிரியதர்சினி. "ஆனா இது பாதிதான் ஐயா. அடுத்த கிழமை பிள்ளைய அதிகம் நித்திரை கொள்ள விடாமக் கூட்டிவாங்க. இங்க படுக்க வச்சு எடுப்பம். ரெண்டையும் பாத்துத்தான் டொக்டர் மருந்து எழுதுவார்."

மர்ஸூக்கின் காதில் 'நல்லா இருக்கு' மட்டுமே விழுந்தது. மகள் என்றால் அவனுக்கு உயிர்தான். ஆனால் ஊர்வாய்க்கு நடுங்குகிறவன். அடுத்த கிழமை றஹ்மா தலை கழுவத் தண்ணீர் அள்ளியபோது தடுத்துவிட்டான்.

"ரெண்டாந்தரமும் போனா சனம் கேக்கும். மன்னாருல இருந்து வந்து இவ்வளவு காலமாகியும் அகதி எண்ட பேரு போகல்ல. வலிப்புக்காரி எண்ட பேரும் சேரணுமா? பொம்புளப்புள்ள. நாளைக்குக் கல்யாணம் பேச ஆரு வருவாங்க?"

"சொல்றதக் கேளுங்களேன், மருந்தாவது கிடைக்குமே," என்று றஹ்மா அழுதாள். அவன் அசையவில்லை. சோதனைத் தாளை மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம், ஸுலைஹாவின் தோட்டத் தொட்டியில் நிஃப்லா கால் கழுவப் போனாள். பகலில் ஒருநாளும் வராத வலிப்பு அன்று வந்தது. முழங்காலளவு தண்ணீர்தான். பத்தடி தள்ளி மிளகாய் பிடுங்கிக்கொண்டிருந்த ஸுலைஹா, தண்ணீர் சலசலத்ததைக் கேட்டு, பிள்ளை விளையாடுகிறதென்று நினைத்தாள். சத்தம் நின்று வெகுநேரமாகியும் பிள்ளையைக் காணாமல் ஓடிவந்து தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஜனாஸா எடுத்த பிறகு ஸுலைஹா மர்ஸூக்கின் முன்னால் நின்று விம்மினாள்.

"மர்ஸூக் நானா, எனக்கிட்ட ஒரு சொல்லு சொல்லியிருந்தா, அந்தப் புள்ளயத் தனியத் தொட்டிப் பக்கம் விட்டிருப்பனா?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மர்ஸூக் பள்ளிவாசலில் எழுந்து நின்றான். கையில் அந்தச் சோதனைத் தாள் இருந்தது.

"என்ட மகளுக்கு வலிப்பு இருந்திச்சு. நாந்தான் மறைச்சன். பாதிச் சோதனையோட நிப்பாட்டினதும் நாந்தான். நோய் வாறது வெக்கமில்ல. உங்கட ஊட்டுலயும் இருந்தா ஒளிக்காதீங்க, முழுசா வைத்தியம் பாருங்க, பக்கத்து ஊட்டுக்கும் சொல்லி வைங்க." அவன் தாளை மடித்தான். "கல்யாணம் பேச ஆரும் வரமாட்டாங்க எண்டு பயந்தன். இப்ப வந்தாலும் குடுக்கப் புள்ள இல்ல."