சூட்டில் மூடிய கை

1

இந்தக் கதை ஹம்சினியுடையது. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னதை, ஹட்டன் வருவதற்குள் நான் மனதில் எழுதத் தொடங்கியிருந்தேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன் என்பது ஓர் ஆறுதல். பெரிய ஆறுதல் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனிமூட்டம் தேயிலை மலைகளைத் தழுவிய ஒரு காலையில்..."

வேண்டாம். குளிர் இந்தக் கதைக்குள் அழகுக்காக வரவில்லை.

2

ஹம்சினி கொழும்பில் மேற்படிப்புப் படிப்பவள். மென்பொருள் செய்கிறாள். (உங்களுக்குக் கணினி ஞாபகம் வந்திருக்கும், எனக்கும் வந்தது. இது நிஜமாகவே மென்மையான பொருள். ஜெல்லி மாதிரி ஒரு பட்டை. சூடு பட்டால் சுருளும், ஆறினால் நீளும்.)

அந்தப் பட்டைகளை வைத்துத் தைத்து, அம்மா மனோரஞ்சிதத்துக்கு ஒரு கையுறை செய்தாள். கொழுந்து பறிக்கும்போது மலையிலேயே விழுந்தவள் மனோரஞ்சிதம். பக்கவாதம். அதன் பிறகு வலது கையில் அசைவும் இல்லை, உணர்வும் இல்லை.

3

கொழும்பில் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கையுறை மடங்கியது. மலையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் குளிரில் மடங்கவில்லை. கையுறை மாட்டிய அம்மாவின் கையை வைத்து, பேசினில் ஊற்றிய தண்ணீர் உடனே ஆறிப்போனது. ஹம்சினி அடுப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"சுடுதாம்மா?"

"இல்ல புள்ள. ஊத்து."

ஊற்றினாள். விரல்கள் மெல்ல மடங்கின.

"ஏ புள்ள, மூடுதுடி! என் கை மூடுது!"

இரண்டு பேரும் சிரித்தார்கள், அழுதார்கள். [ஒரு பிரதியில் இங்கேயே நிறுத்திப் பார்த்தேன்.]

கையுறையைக் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது.

4

சர்க்கரை வியாதி வேறு. புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் மனோரஞ்சிதம், "நாந்தான் கவனமில்லாம சுடுதண்ணியில கைய விட்டுட்டேன்" என்றாள். அதைக் கேட்கக் கேட்க ஹம்சினிக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. கொழும்புக்குப் போகவும் முடியவில்லை.

"உணர்வில்லாத கைன்னு எனக்குத் தெரியும் அண்ணே," என்றாள் பஸ்ஸில். "தெரிஞ்சும், சுடுதான்னு அவங்ககிட்டயே கேட்டேன்."

5

ஒரு முடிவு: சூடு கூடினால் தானே நின்றுவிடும் புதிய கையுறையை அவள் செய்கிறாள். எழுதிவிட்டு அடித்தேன். அதை எந்த விரல்களில் மாட்டுவது?

இன்னொரு முடிவு: ஹம்சினி படிப்பை விட்டுவிட்டு...

இதற்குமேல் எழுத வரவில்லை. லயத்துக்குப் போனேன்.

துணி சுற்றிய கையை மடியில் வைத்திருந்தாள் மனோரஞ்சிதம். "கத எழுதுறீங்களாமே தம்பி? கை மூடுச்சுல்ல, அதோட நிப்பாட்டிடுங்க. புள்ள அன்னைக்கு எப்புடிச் சிரிச்சா தெரியுமா?"

சரி என்றேன்.

வெளியே வந்த ஹம்சினி மெதுவாகச் சொன்னாள்: "அதோட மட்டும் நிப்பாட்டிடாதீங்க அண்ணே."

அவளிடமும் சரி என்றேன்.

இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்பது, இந்தக் கதையை இன்னொருவரிடம் சொல்லும்போது நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.